ஊர் தெரியாத வண்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேரிடமும் நான் ஏதாவது பேச வேண்டும் என்று ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கேட்டார்கள். மேடையில் ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முப்பது வருஷம் மரத்துக்குள் இருக்கும் புழுவோடு குடித்தனம் பண்ணியவளுக்கு மனிதர்கள் முன்னால் பேசும் பழக்கம் எங்கிருந்து வரும்? எழுதித் தருகிறேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். படிக்கும்போது தூக்கம் வந்தால் தூங்குங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அரைத்தூக்கத்தில் கற்றதுதான்.

வண்டை எப்படிப் பிடிப்பது, எப்படி ஊசியில் குத்துவது என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும், தெரியாவிட்டால் போனில் பார்த்துக்கொள்வீர்கள். நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். தச்சர் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார். விறகு வெட்டுகிறவர் செய்ய மாட்டார். மரம் துளைக்கும் வண்டுகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நம்மைப் போன்றவர்கள்தான் செய்வோம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்னால் நடந்தது. மேற்கே செங்கல்பட்டிலிருந்து அச்சரப்பாக்கம் வரை ஜி.எஸ்.டி. ரோடு, கிழக்கே மாமல்லபுரத்திலிருந்து தெற்காகப் போகும் கடற்கரை. இரண்டுக்கும் நடுவில் எந்த மரத்துக்குள் எந்த வண்டு வாழ்கிறது என்று கணக்கெடுத்து வரைபடம் போடும் வேலை. ஒரு வண்டுக்கு ஒரு வரைபடம். அது கிடைத்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி என்பது சாதாரண விஷயம் இல்லை. இந்த வண்டு இந்த மண்ணில், இந்த மரத்தில் பிறந்தது, நான் பார்த்தேன் என்று நாம் சொல்லும் சாட்சி அது.

மரத்துக்குள் இருப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது அல்லவா? அதனால் காய்ந்த கிளை, முறிந்த தண்டு என்று கொண்டுவந்து, கறுப்பு அடித்த டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவோம். டிரம்மின் வாயில் மட்டும் ஒரு கண்ணாடிப் புட்டி. உள்ளே இருட்டு, புட்டியில் மட்டும் வெளிச்சம். புழு வளர்ந்து வண்டாகி மரத்தைத் துளைத்து வெளியே வரும்போது வெளிச்சத்தைத் தேடி வந்து புட்டியில் விழும். டிரம்மின் மேல் சீட்டு ஒட்டியிருக்கும்: என்ன மரம், எந்த ஊர், என்றைக்கு எடுத்தது. அப்புறம் நமக்கு வேலை காத்திருப்பதுதான். சில வண்டு ஒரு மாதத்தில் வரும். சில வண்டுக்கு இரண்டு வருஷம் ஆகும்.

டிரம்களை வைக்க சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பழைய வலைக்கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. இடிந்த கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம். இருபத்திரண்டு டிரம் படுக்கவைத்திருந்தேன். அந்தக் கொட்டகையை இன்றைக்கும் கனவில் பார்க்கிறேன். மத்தியானம் கடல்காற்று எழும்பியதும் ஓலை லேசாக அசையும். நான் ஒரு டிரம்மின் மேல் காதை வைத்துப் படுத்துக்கொள்வேன். உள்ளே கிர்ர், கிர்ர் என்று புழு மரத்தைத் தின்னும் சத்தம். வெளியே அலைச் சத்தம். கொஞ்ச நேரத்தில் எது புழு, எது கடல் என்று தெரியாமல் போய்விடும். மரத்துக்குள் இருப்பது நான்தான், வெளியே எங்கேயோ வெளிச்சம் இருக்கிறது, அவசரமில்லாமல் தின்றுகொண்டே போனால் ஒருநாள் போய்ச் சேரலாம் என்று தோன்றும். கண்ணைத் திறந்தால் மணி நாலரை ஆகியிருக்கும். அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு வேறு எங்கேயும் கிடைத்ததில்லை.

நான் அதிகமாகக் காது வைத்துப் படுத்த பதினேழாவது டிரம்மில் இருந்தது மேரியக்காவின் முந்திரிக் கட்டை.

மேரியக்காவின் முழுப்பெயர் ஆரோக்கியமேரி. ஊருக்குத் தெற்கே மணல்மேட்டில் நாற்பத்தோரு முந்திரி மரம் அவருடையது. அவருடைய அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டும் களை பறித்தும் வாழ்ந்தவர்கள். அந்த மணல்மேட்டுக்குத்தான் குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டா வந்தது, அதுவும் மேரியக்கா பெயரில். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். அம்மா செத்தபோதுகூட அடுத்தவர் மரத்து நிழலில்தான் கிடத்தி வைத்தோம், இப்போது எனக்கென்று நிழல் இருக்கிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். 

அந்த வருஷம் அடித்த புயலில் தோப்பில் பாதிக் கிளைகள் முறிந்துபோயின. அடுத்த நாள் நான் போய் முறிந்த கிளைகளில் கொஞ்சம் கேட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள், அடுப்புக்குப் போவது உங்களிடம் போகட்டும் என்றார். சாய்ந்த மரங்களுக்கெல்லாம் மண் அணைத்துக்கொண்டு, சாக்குத்துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

கட்டைகளைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். டிரம்முக்குள் போடும்போது ஒரு வழக்கம் உண்டு. டிரம்மின் அடியில் ஈரம் கோத்துக்கொள்ளும். கட்டை அதில் படுத்தால் பூஞ்சை பிடித்து உள்ளே இருக்கும் புழு செத்துப்போகும். அதனால் அடியில் இரண்டு செங்கல் துண்டு அண்டை கொடுத்து, அதன்மேல் கட்டையை அடுக்குவோம். அன்றைக்குச் செங்கல் துண்டு தீர்ந்துபோயிருந்தது. அன்றைக்கு எடுத்து வந்திருந்த நிலையத்து ஜீப்பின் பின்பக்கம் பார்த்தேன். முந்தின வாரம் கருங்குழியில் பஷீர் பாய் மரவாடிக்குப் போயிருந்தபோது, ஜீப்பில் ஏற்றிய மரம் உருளாமல் இருக்க அவர் கொடுத்த இரண்டு கட்டை கிடந்தது. முழங்கை நீளம், ஒருபக்கம் பட்டையோடு. அதை அண்டைக்கு வைத்தேன். முந்திரிக் கட்டையை மேலே அடுக்கினேன். மூடினேன். சீட்டு எழுதினேன்: முந்திரி, சதுரங்கப்பட்டினம், தேதி.

இப்போதே உங்களில் ஒருவராவது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நல்லது. நான் நிமிர்ந்து உட்காரப் பதினைந்து மாதம் ஆயிற்று.

அந்தப் பதினைந்து மாதமும் அந்த டிரம்மிலிருந்து வரவேண்டியதெல்லாம் வந்தது. எள் அளவு வண்டுகள், அரிசி அளவு வண்டுகள், பழைய பதிவில் இருப்பவைதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொட்டகைக்குப் போனேன். மாசி மாதம், கடல்மேல் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. பதினேழாவது புட்டியில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிற வெல்வெட்டில் மஞ்சள்தூளைக் கிள்ளிப் போட்டது மாதிரி முதுகு. உடம்பைவிட நீளமான கொம்பு இரண்டு, அதைப் பின்னால் வளைத்து வைத்துக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன். கீச் கீச் என்று கத்தியது. 

அதன் பெயரைச் சொல்லி உங்களுக்குப் பரீட்சை வைக்கப் போவதில்லை. எங்கேயோ தூரத்து மலைப்பக்கம் மாந்தோப்பையும் முந்திரித் தோப்பையும் காலி பண்ணுகிற வண்டு. இந்தக் கடற்கரையில் யாரும் பார்த்ததாகப் பதிவே கிடையாது. அதுவரை நான் வைத்த புள்ளிகள் எல்லாம் எனக்கு முன்னால் யாரோ வைத்த புள்ளிகளுக்குப் பக்கத்தில் வைத்தவை. இது எனக்கே எனக்கு. அந்த வெள்ளைத் தாளில் முதல் புள்ளி. மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எவ்வளவு பைத்தியம் பாருங்கள்.

அழுது முடித்ததும் அதிகாரிக்குப் போன் பண்ணினேன். அவர்தான் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. என் சந்தோஷத்தைக் கேட்டு அவரும் சந்தோஷப்பட்டார். அப்புறம் குரல் மாறியது. இது பரவினால் கடலோரத் தோப்பு எதுவும் மிஞ்சாது, மேலே சொல்லியாக வேண்டும் என்றார். சொல்லுங்கள் சார் என்றேன். எனக்கு அப்போது புள்ளி மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை முடிவு வந்துவிட்டது. மேரியக்கா தோப்பிலிருக்கும் நாற்பத்தோரு மரத்தையும் வெட்டி அங்கேயே எரித்துவிட வேண்டும். திங்கட்கிழமை காலை மிஷினோடு ஆள் வருவார்கள். அடுத்த தோப்புகளைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். வண்டு பறந்து அடுத்த மரத்துக்குப் போவதற்குள் செய்ய வேண்டும் என்றார்கள், அதில் நியாயமும் இருந்தது. புயலுக்குப் பிறகு அந்தத் தோப்பு முழுசாகப் பூத்தது அந்த வருஷம்தான்.

சேதி தெரிந்து சனிக்கிழமை காலை மேரியக்கா கொட்டகைக்கு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, வண்டைப் பற்றி, பரவுவதைப் பற்றி, மற்றவர்கள் தோப்பைப் பற்றி நானே பேசிக்கொண்டு போனேன். அவர் எதையும் மறுக்கவில்லை. நான் முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"வெட்றது வெட்டிக்கோங்க மேடம். அது எந்தக் கட்டைல இருந்து வந்துச்சின்னு ஒரு தபா எனக்குக் காட்டு."

கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் அதை என்னால் காட்ட முடியவில்லை. ஏன் என்றால் நான் பார்க்கவே இல்லை. புட்டியில் வண்டைப் பார்த்தேன், சீட்டில் ஊரைப் பார்த்தேன், இரண்டையும் சேர்த்துப் புள்ளி வைத்துவிட்டேன். வண்டு வெளியே வந்த துளையை நான் தேடவில்லை. டிரம்மைத் திறந்தால் வெளிச்சம் உள்ளே போய் எல்லாம் கெட்டுவிடும், இன்னும் வரவேண்டிய வண்டு வராமல் போகலாம். அதிகாரியும் திறக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதையே மேரியக்காவிடம் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. என் நாற்பத்தோரு மரம் போகப்போகிறது, உன் டிரம் திறக்கக் கூடாதா என்று கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் கேட்காததனால் அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. போனை அணைத்து வைத்தேன். டிரம்மின் மூடியைத் திறந்தேன்.

ஒவ்வொரு கட்டையாக எடுத்து வாசலில் வெயிலில் வைத்தோம். பதினைந்து மாதத்துத் தூள் மாவாகக் கொட்டியது. மரம் துளைக்கும் வண்டுக்குத் துளைதான் கையெழுத்து. ஊசித் துளை ஒரு குடும்பம், அரைநிலாத் துளை ஒரு குடும்பம், இந்த மாதிரி நீளக்கொம்பு வண்டு என்றால் முட்டை வடிவத் துளை, விரல் நுழையும் அளவுக்கு. முந்திரிக் கட்டை பதினொன்று. பதினொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊசித் துளைதான் இருந்தது. விரல் நுழையும் துளை ஒன்றுகூட இல்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது. மறுபடியும் முதல் கட்டையிலிருந்து ஆரம்பித்தேன்.

மேரியக்கா டிரம்முக்குள் கையை விட்டு அடியில் கிடந்ததை வெளியே இழுத்தார். மடியில் வைத்துப் பட்டையைத் தடவிப் பார்த்தார்.

"இது எம்மரம் இல்லியே. இன்னா கட்டை இது?"

"அது மரம் இல்லக்கா, அண்டைக்கு வெச்சது" என்றேன், கையில் இருந்த முந்திரிக் கட்டையிலிருந்து தலையைத் தூக்காமலே.

"அண்டைக்கு வெச்சா மரம் இல்லியா மேடம்?"

அப்போதுதான் தலையைத் தூக்கினேன். அவர் அதைத் திருப்பினார். அடிப்பக்கம், டிரம்மின் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம், முட்டை வடிவத்தில் ஒரு துளை. விளிம்பு புதுசாக வெள்ளையாக இருந்தது. உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து வண்டை எடுத்துவந்து துளைக்கு நேராகப் பிடித்தேன். சாவி பூட்டுக்குள் போவது மாதிரி தோள் இரண்டும் சரியாக உட்கார்ந்தன.

பதினைந்து மாதம் அதன்மேல் காதை வைத்துப் படுத்திருக்கிறேன். அந்தக் கிர்ர் சத்தம் அதுதான். நான் கேட்டுக்கொண்டே தூங்கியது அந்தக் கட்டையின் சத்தம், என் மனசில் அது முந்திரியின் சத்தமாகிவிட்டது. வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

மேரியக்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. எழுந்து நின்று, முந்தானையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒன் வண்டுக்கு ஒரு ஊரு வேணும். அதுக்கு என் ஊருதான் கெடச்சுதா ஒனக்கு?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரியவர்கள் என் வேலையைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மரத்துக்கு வழி பாரு மேடம், அப்புறம் பாக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே கட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு கருங்குழிக்குப் போனேன். அந்தக் கட்டை எந்த ஊர் மரம் என்று தெரிந்தால் புள்ளியை அங்கே மாற்றி வைத்துவிடலாம். வழி நெடுக எனக்கு அந்த ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன். பஷீர் பாய் மரவாடியில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கட்டையைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"இது லோடு மரம் இல்லம்மா. லாரில மரம் உருளாம அணைக்கிறதுக்கு டிரைவருங்க வெச்சிகினு வர்றது. இந்த லாரில இருந்து அந்த லாரிக்கு, இந்த ஊர்ல இருந்து அந்த ஊருக்குப் போய்கினே இருக்கும். இதுக்கு ஏதும்மா ஊரு?"

இதே மாதிரி வேறு கட்டை இருக்கிறதா என்று பதறிக்கொண்டு கேட்டேன். ஒரு குவியலே கிடந்தது, எல்லாம் அப்போதே ஒரு கல்யாண பிரியாணி அடுப்புக்குப் போய்விட்டது என்றார். உள்ளே ஏதாவது வண்டு இருந்திருந்தால் தம்மில் வெந்திருக்கும், கவலைப்படாதே என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் என் புள்ளி போய்விட்டது. ஊர் திரும்பும் பஸ்ஸில் அதற்காகவும் துக்கப்பட்டேன். யாரோ ஒருத்தியின் மரம் தப்பிக்க வழி கிடைத்திருக்கிறது, நான் ஒரு புள்ளிக்காகத் துக்கப்பட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மனசு அப்படித்தான் இருக்கும். உங்களுக்கும் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அதன் பேச்சைக் கேட்டுக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

ராத்திரி போனை எடுத்து அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அப்புறம் கேட்டார். "அந்தத் தோப்பு சுத்தம்னு எழுதித் தர்றியா?"

அதுதான் முழுக் கதையிலும் கஷ்டமான இடம். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது, மரம் தப்பிக்கும். ஆனால் ஒருமுறை பார்க்காமல் சாட்சி சொல்லித்தான் இந்த வம்பே வந்தது. நல்லது நடக்கட்டும் என்று இன்னொரு முறை பார்க்காமல் சொன்னால் அதுவும் அதே தப்புதான். நான் இன்னும் தோப்பைப் பார்க்கவில்லை சார், நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமை நானே வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தோப்புக்குப் போனேன். மேரியக்கா பூசைக்குப் போகாமல் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.  முதல் மரத்திலிருந்து ஆரம்பித்தோம். நான் மணலில் படுத்து, தூரைச் சுற்றி மண்ணை விலக்கி, பட்டையைத் தடவி, துளை தேடி, கடைசியில் காதை வைத்துக் கேட்பேன். எழுந்ததும் அவர் மண்ணை மறுபடியும் அணைப்பார். அடுத்த மரம்.

அந்தக் காலை எனக்கு எப்போது முடிந்தது என்று தெரியாது. முந்திரிப் பூவின் வாசனை தித்திப்பாகக் காற்றில் நின்றது. மணல் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. ஒவ்வொரு மரத்திலும் காதை வைத்தபோது உள்ளே எங்கேயோ வெகுதூரத்தில் அலை கேட்டது, வேர் வழியாக வருகிறதா, என் காதுக்குள்ளேயே இருக்கிறதா என்று புரியவில்லை. பத்தாவது மரத்துக்குப் பிறகு எண்ணிக்கை மறந்துவிட்டது. மேரியக்காதான் எண்ணிக்கொண்டு வந்தார். ஒரு மரத்தடியில் கண்ணயர்ந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கண்ணைத் திறந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தார், முகத்தில் பூவின் நிழல் அசைந்துகொண்டிருந்தது. என்ன கேட்டது என்று அவர் கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்று நானே சொன்னேன். மண்ணை அணைத்துவிட்டு எழுந்தார்.

இருபத்தாறாவது மரத்தில் அந்தக் கிர்ர் சத்தம் கேட்டது. தூரில் பிசின் வடிந்திருந்தது, சிவப்பாக மரத்தூள். பட்டையைக் கத்தியால் கிளப்பிப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் புழு. அந்த வண்டின் புழு இல்லை, இந்தக் கரையில் காலங்காலமாக இருக்கும் முந்திரித் துளைப்பான். முப்பத்து நான்காவது மரத்திலும் அதுவே. இரண்டு மரமும் வேர்வரை அரிக்கப்பட்டிருந்தன. பிழைக்காது.

மேலோட்டமாகப் பார்க்கிறவருக்குத் துளை துளைதான். நாளைக்கு மிஷினோடு வருகிறவர்கள் இந்த இரண்டு மரத்தைக் காட்டி, பார் இருக்கிறதே என்று சொல்ல முடியும். மண்ணை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. மேரியக்காவுக்கும் அது புரிந்திருந்தது. என் முகத்தையே பார்த்தார்.

"அதுவா இது?" என்று கேட்டார்.

"இல்லக்கா. இது இந்த ஊர்ப் புழுதான். ஆனா இந்த ரெண்டு மரம் தேறாது. வெட்டலேன்னா மத்ததுக்கும் போவும். நான் எழுதித்தான் ஆவணும்."

 அவர் போய் இருபத்தாறாவது மரத்தின் தண்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குப் போய்க் கோடாலியோடு வந்தார். தம்பியையும் அழைத்து வந்தார். "ரெண்டையும் நானே வெட்டிக்கறேன். மிஷின் உள்ள வர வேணாம்" என்றார். பூவோடு விழுந்தன இரண்டும். நான் வாங்கிச் செய்கிறேன் என்று கையை நீட்டினேன், கோடாலியைத் தரவில்லை. சாயங்காலத்துக்குள் வேரோடு தோண்டி எரித்து முடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை மரம் அறுக்கும் மிஷினோடு ஆறு பேர் வந்து வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஜீப்பில் வந்தார். நான் கட்டையையும் வண்டையும் காட்டினேன், எரித்த இடத்தைக் காட்டினேன், எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். அதில் மூன்றே விஷயம். வண்டு வந்தது அண்டைக்கு வைத்த கட்டையிலிருந்து, வைத்தது நான். நாற்பத்தோரு மரத்தையும் பார்த்தேன், இந்த வண்டின் அடையாளம் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மரத்தில் உள்ளூர்த் துளைப்பான் இருந்தது, அவை அழிக்கப்பட்டன. தோப்பு சுத்தம் என்று எங்கேயும் எழுதவில்லை. எனக்குக் கிடைக்கவில்லை என்றுதான் எழுதியிருந்தேன்.

அவர் நின்றபடியே இரண்டுமுறை படித்தார். "அப்ப இந்த வண்டு எந்த ஊர்னு போடறது?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா வரைபடத்துல இடம் கிடையாதே. முதல் புள்ளி உன் பேர்ல வந்திருக்கும்."

"பரவாயில்ல சார்" என்றேன்.  அவர் தன் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். "வெச்சது நீ. அழிக்கிறதும் நீயே அழி" என்றார். ஜீப்பின் முன்மூடிமேல் வரைபடத்தை விரித்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே நான் வைத்த புள்ளியின் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் தள்ளிப்போய் மேலே யாரோடோ போனில் பேசினார். அரைமணி நேரம் பேசினார். அவரும் திட்டு வாங்கினார், அது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. ஆறு பேரும் டீ குடித்துவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் இரண்டு வருஷம் அந்தத் தோப்பைச் சுற்றியும் கருங்குழியிலும் டிரம் வைத்துக் காத்திருந்தோம், செங்கல்லை அண்டை கொடுத்து. அந்த வண்டு மறுபடி வரவே இல்லை. என்னிடம் வந்தது ஒன்றே ஒன்றுதான். நம் நிலையத்தில் மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். மஞ்சள்தூள் கொஞ்சம்கூட உதிரவில்லை. கீழே சீட்டில் என் கையெழுத்து: லாரி அண்டைக் கட்டை, ஊர் தெரியாது. பெட்டியிலேயே அழகான வண்டு அது, ஒரு வேலைக்கும் உதவாது.

மேரியக்கா எனக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு நான் ஒன்றும் செய்யவும் இல்லை. ஆனால் அந்தக் கொட்டகைக்கு எப்போதாவது வருவார். வந்தால் டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்து, அடியில இன்னா வெச்சிகீற என்று கேட்பார். செங்கல் என்பேன். குனிந்து பார்த்து உறுதி பண்ணிக்கொண்டுதான் உட்காருவார்.

வரைபடம் அச்சாகி உங்கள் மேஜையில் இருக்கிறது. அதில் என் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எதைப் பார்த்தாலும் எனக்கு இப்போது ஒன்றும் தோன்றுவதில்லை. புள்ளி இல்லாமலே அச்சான அந்த வண்டின் தாளை மட்டும் சில மத்தியானங்களில் எடுத்துப் பார்ப்பேன். கடல்கோடு வரைந்திருக்கும், ஊர்ப் பெயர்கள் இருக்கும், மற்றபடி வெறும் வெள்ளை. மாசி மாதமாக இருந்தால் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே அந்த வெள்ளையில் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். அங்கே முப்பத்தொன்பது மரம் பூத்திருக்கும்.